பஞ்சுப் பனியைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள்: முன்பள்ளிப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் பிரதேச முன்பள்ளிகளுக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கும், 'குளிர்கால வாரம்' செயற்பாட்டுப் பொதியைத் தயாரித்து வழங்கிய நிறுவனத்தாருக்கும்,

சென்ற கார்த்திகையில் நடத்திய குளிர்கால வாரத்தை இந்த ஆண்டும் நடத்த வேண்டும், ஐந்து நாட்களின் படங்களையும் வட்ஸ்அப் குழுவில் பதிவேற்றாத முன்பள்ளிகளுக்குத் தரமதிப்பீட்டில் புள்ளி குறையும் என்று எழுதிய கடிதம் செவ்வாய்க்கிழமை என் கைக்கு வந்தது. போன ஆண்டு நான் வாய் திறக்கவில்லை. பொதியைப் பிரித்தேன், சொன்னபடி செய்தேன், படம் எடுத்து அனுப்பினேன். 'மிகச் சிறப்பு' என்று பதிலும் வந்தது. அந்தப் பாராட்டு இன்னும் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. ஆகவே இந்த முறை வாரம் தொடங்குவதற்கு முன்பே எழுதுகிறேன்.

கிளிநொச்சியில் இரணைமடுக் குளத்தின் வாய்க்கால் பாயும் ஒரு கிராமத்தில் முன்பள்ளி நடத்துகிறேன். மீள்குடியேறிய காலத்தில் தறப்பாள் கொட்டிலில் தொடங்கிய பள்ளி. இப்போது அரைச்சுவரும் தகரக் கூரையும் இருக்கின்றன. மூன்று வயது தொடக்கம் ஐந்து வயது வரை 23 பிள்ளைகள். கொடுப்பனவைப் பற்றிப் பேச இந்த மடலை எழுதவில்லை. அது வேறு கதை, உங்களுக்குத் தெரிந்த கதை.

முதல் நாள் பாடம் பனிமனிதன். மழை விட்டு வெளித்திருந்த காலை. "இன்று நாங்கள் பனியைப் பற்றிப் படிக்கப் போகிறோம்" என்றேன். நாலு வயதுப் பிள்ளை ஒருத்தி எழுந்து வெளியே ஓடினாள். முற்றத்துப் புல்லில் ஒரு பிடியைப் பிடுங்கிக்கொண்டு வந்து என் உள்ளங்கையில் வைத்தாள். "இந்தாங்கோ ரீச்சர், பனி." புல்லின் நுனியில் இரண்டு துளி மிஞ்சியிருந்தது. நான் பொதியிலிருந்த வெண்பனிப் படத்தைக் காட்டி, இந்தப் பனியை உருட்டி மனிதன் செய்வார்கள் என்றேன். அவள் தன் கையைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள். "தொட்டால் போய்விடுமே, எப்படி உருட்டுவது?" என்றாள்.

அவள் கேட்டது முழுக்கச் சரியான கேள்வி. அவள் அறிந்த பனியைப் பற்றி அவள் சரியாகவே அறிந்திருந்தாள். குழப்பியவள் நான். பஞ்சை மூன்று உருண்டையாக்கி ஒட்டச் சொன்னேன். "இது தலையணைப் பஞ்சு" என்றான் ஒரு பையன். அதுவும் சரிதான். மூக்குக்கு ஒரு கரட் வைக்கச் சொல்லியிருந்தீர்கள். படம் எடுத்த கையோடு அதைக் கழற்றிக் கழுவிக் காலைக் கஞ்சிக்குள் சீவிப் போட்டேன். குளிர்கால வாரத்தில் பிள்ளைகளின் உடம்பில் சேர்ந்த ஒரே பொருள் அதுதான்.

இரண்டாம் நாள் கடதாசியில் பனிப்பூ வெட்டுவது. உங்கள் கையேடு தாளை மூன்று தடவை பாதி பாதியாக மடிக்கச் சொன்னது. அப்படி மடித்து வெட்டினால் எட்டு மூலை வரும். உண்மையான பனிப்படிகத்துக்கு ஆறு மூலை. நீர் உறையும்போது அதன் மூலக்கூறுகள் அறுகோணமாகவே அடுக்குகின்றன. வந்திருந்த அட்டையிலோ வெண்கரடியும் பென்குவினும் ஒரே பனிப்பாறையில் தோளோடு தோள் நின்றன. வெண்கரடி வடதுருவத்து விலங்கு, பென்குவின் தென்பாதியைச் சேர்ந்த பறவை. இங்கே மார்கழி நடக்கும்போது தென்துருவத்தில் கோடை. குளிர்காலத்தைப் படிப்பிக்கவென்று வந்த பொதிக்குக் குளிர்காலமும் சரியாகத் தெரியவில்லை என்பதை நான் எங்கே போய்ச் சொல்வது?

மூன்றாம் நாளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அன்றைய செயற்பாடு 'செயற்கைப் பனி'. எட்டுப் பங்கு கோதுமை மாவுக்கு ஒரு பங்கு எண்ணெய், பிசைந்து தட்டில் கொட்டிப் பிள்ளைகளை அளையவிட வேண்டும். மின்னும் தூளையும் தூவச் சொல்லியிருந்தீர்கள். மாவும் எண்ணெயும் பொதியில் வரவில்லை. 'உள்ளூரில் பெற்றுக்கொள்க' என்றிருந்தது. பெற்றோரிடம் கேட்காமல் நானே கடையில் வாங்கினேன். பிள்ளைகளுக்கு விளையாட்டு பிடித்துத்தான் இருந்தது, பொய் சொல்லமாட்டேன். மாவை அளைவதில் பிடிக்காமல் போக என்ன இருக்கிறது? பிள்ளையைக் கூட்டிப்போக வந்த ஒரு தாய் அரைச்சுவருக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாரும் போன பிறகு என்னிடம் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், "விளையாடி முடிந்தால் அந்த மாவை எறியப் போகிறீர்களா, ரீச்சர்?" என்றார். ரொட்டி சுடலாம் என்று நினைத்திருக்கிறார். மின்னும் தூள் கலந்திருந்ததால் கொடுக்க முடியவில்லை. 2022இல் மா விலையும் எரிவாயு வரிசையும் இந்த வீடுகளை என்ன செய்தன என்பதை அருகில் இருந்து பார்த்தவள் நான். அந்தத் தாயின் முகத்தை நேராகப் பார்க்க எனக்குப் பல நாட்கள் எடுத்தன. நீங்கள் பாராட்டிய படங்களில் அந்தத் தட்டின் படமும் ஒன்று.

நான்காம் நாள், ஐஸ் கட்டிக்குள் விளையாட்டுப் பொருளை உறையவைத்து உப்பும் இளஞ்சூட்டு நீரும் ஊற்றி மீட்பது. எங்கள் முன்பள்ளியில் குளிர்சாதனப் பெட்டி இல்லை. மோட்டார் சைக்கிளில் மீன் கொண்டுவரும் ஐயாவிடம் ஒரு துண்டு ஐஸ் கேட்டு வாங்கினேன். பொதியில் உருப்படியாக நடந்தது இந்த ஒன்றுதான் என்பதை மனதார ஒப்புக்கொள்கிறேன். ஏன் நடந்தது தெரியுமா? ஐஸைக் கண்டதும் பிள்ளைகள் "மீன் பெட்டி ஐஸ்!" என்று கத்தினார்கள். மீன்காரரின் பேரன் என் வகுப்பில் இருக்கிறான். சாக்கால் மூடினால் கரையாது என்று அவன் சொன்னான். அவன் சொன்னதையே பாடமாக்கினேன். ஒரு துண்டைச் சாக்கில் சுற்றினோம், ஒன்றை வெறுமனே வைத்தோம், ஒன்றின்மேல் ஆனையிறவு உப்பைத் தூவினோம். எது முதலில் கரையும் என்று பந்தயம் கட்டிக்கொண்டு பிள்ளைகள் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். உப்புத் தூவியது முதலில் தண்ணீரானது. சாக்குக்குள் இருந்ததைப் பிரித்தபோது அது அப்படியே இருந்தது. பையன் ஏதோ பரிசு வாங்கியவன் போல நின்றான். கையால் செய்து படிப்பது என்று நீங்கள் சொல்வது இதைத்தான் என்றால் உங்களோடு எனக்குச் சண்டையே இல்லை.

ஐந்தாம் நாள் கையுறைகளைச் சோடி சேர்ப்பது. கடதாசிக் கையுறைகள். வாசலில் 23 சோடிச் செருப்பு சேற்றோடு கலைந்து கிடந்தது. அதைச் சோடி சேர்க்கச் சொல்லியிருந்தால் கணக்கும் வந்திருக்கும், வாசலும் துப்புரவாகியிருக்கும். ஆனால் கையேட்டில் அது இல்லை, படமும் எடுபட்டிருக்காது.

பனி என்றால் என்னவென்றே எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியாது என்று நான் சொல்லவரவில்லை. கனடாவிலும் நோர்வேயிலும் சுவிஸிலும் மாமாவோ பெரியம்மாவோ இல்லாத வீடு இங்கே குறைவு. கைத்தொலைபேசியைச் சன்னலுக்குத் திருப்பி வெண்பனி கொட்டுவதை அவர்கள் காட்டுவார்கள். அது பிள்ளைகளுக்கு மாமா இருக்கும் ஊர், இன்னும் வராத மாமாவின் ஊர். ஒரு நாள் அப்படி ஒரு மாமாவைத் திரையில் அழைத்துப் பேசவைத்தால் பஞ்சு உருண்டை நூறு சொல்லாததை அவர் சொல்லிவிடுவார். வெண்பனிக்கு என் வகுப்பில் அவ்வளவு இடம் உண்டு. ஒரு வாரம் முழுவதையும், அதுவும் மாரியின் நடுவில் வரும் வாரத்தை, அதற்குக் கொடுக்க முடியாது.

ஏனென்றால் எங்களுக்கும் ஒரு குளிர்காலம் இருக்கிறது. ஐப்பசி கார்த்திகையைக் கூதிர் என்றும், மார்கழி தையை முன்பனி என்றும், மாசி பங்குனியைப் பின்பனி என்றும் பழைய இலக்கணம் பிரித்து வைத்தது. கூதிரின் உறவுச் சொல் எங்கள் வீடுகளில் இன்னும் உயிரோடு இருக்கிறது. பிள்ளை விடியற்காலையில் அம்மாவின் சேலைக்குள் நுழைந்துகொண்டு 'கூதலடிக்குது' என்று சொல்வது அந்தக் குடும்பத்துச் சொல். 'தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்' என்று சொல்லும் அம்மம்மாக்கள் இருக்கும் ஊருக்கு, குளிர் என்றால் என்னவென்று பஞ்சு மூட்டையில் வந்து சொல்ல வேண்டியதில்லை.

அந்தக் கூதல் விளையாட்டும் அல்ல. 2022 டிசம்பரில் மண்டோஸ் புயல் வங்கக்கடலைக் கடந்தபோது வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகளும் ஆடுகளும் குளிரில் விறைத்துச் செத்தன. தண்ணீர் உறைய இன்னும் எத்தனையோ பாகை இறங்க வேண்டிய குளிர்தான். நனைந்த உடம்பும் விடாத காற்றும் போதுமாயிருந்தன. அடுத்த தவணையில் என் வகுப்பில் ஒரு பிள்ளை கீறிய படத்தில் மாடு நாலு காலையும் ஒரு பக்கம் நீட்டிக் கிடந்தது. மேலே நீலக் கோடுகளாக மழை. "அது ஏன் படுத்திருக்கிறது?" என்று கேட்டேன். "கூதல்" என்றது பிள்ளை. 2018 டிசம்பர் 21, 22இல் இரணைமடுவின் வான்கதவுகள் திறந்து கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் நின்றபோது எங்கள் முன்பள்ளியின் மேசைகள் மிதந்தன. அந்த ஆண்டுப் பிள்ளைகள் பின்னர் வந்து விளையாடிய விளையாட்டு என்ன தெரியுமா? மூட்டை கட்டிக்கொண்டு மேட்டுக்குப் போவது. யாரும் சொல்லிக்கொடுக்காத 'குளிர்காலச் செயற்பாடு' அது.

இந்தக் காலத்தில் முன்பள்ளி முற்றத்தில் நடப்பவற்றைப் பாருங்கள். முதல் மழைக்கு மறுநாள் சிவப்பு வெல்வெட்டுத் துண்டு போலத் தம்பளப்பூச்சி ஊர்கிறது. இரவில் விளக்கைச் சுற்றிய ஈசலின் இறகு காலையில் கூட்டிக் குவிக்கும் அளவுக்குக் கிடக்கிறது. தவளை முட்டை, பிறகு வாற்பேத்தை, பிறகு கால் முளைத்த குட்டித் தவளை என்று ஒரு முழுப் பாடநூல் வாய்க்கால் ஓரத்துக் குட்டையில் திறந்து கிடக்கிறது. மாரி மழையை நம்பி விதைத்த காலபோக நெல் வாரத்துக்கு வாரம் வளர்கிறது. பொங்கல் அண்டும்போது பிள்ளையின் நெஞ்சுக்கு வந்துவிடும். ஒரு பனை மட்டையில் கோடு போட்டு நெல்லையும் பிள்ளையையும் பக்கத்தில் நிறுத்தி அளந்தால் அளவீடு என்ற பாடம் முடிந்தது. இலக்கம் படிப்பிக்க வேண்டுமா? 'இரணைமடுவில் இன்று எத்தனை அடி' என்ற பேச்சு மாரி முழுவதும் வீட்டில் ஓடுகிறது. முப்பத்தாறு அடி நிறைந்தால் குளம் வழிந்து வான் பாயும் என்பது நாலு வயதுப் பிள்ளைக்குத் தெரியும். யோகட் கோப்பையில் மழைநீரைப் பிடித்து, சுவரில் ஒரு குளம் கீறி, தினம் ஒரு கோடு உயர்த்தினால் பிள்ளை தானாகவே எண்ணும். தகரக் கூரையில் மழை விழும் ஓசைக்கும், ஓலைக் கூரையில் விழும் ஓசைக்கும், வாழையிலையில் விழும் ஓசைக்கும் உள்ள வேற்றுமையைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லச் சொல்லிப் பாருங்கள். உங்கள் பொதியில் செவிக்கு என்று ஒரு செயற்பாடுகூட இருக்கவில்லை.

விளக்கீட்டுக்குச் சிட்டியில் எண்ணெய் விடலாம். திருவெம்பாவைக் காலத்தில் விடியற்காலைச் சங்கைக் கேட்ட பிள்ளைகள் வகுப்பில் ஊதிக் காட்டுவார்கள். பாலன் பிறப்புக்குக் குடில் கட்டும் வீட்டுப் பிள்ளை வைக்கோலும் தென்னோலையும் கொண்டுவரும். கூதலுக்குக் கொத்தமல்லி அவித்துக் குடிப்பதில் மணமும் சூடும் கசப்பும் ஒரே கோப்பையில் இருக்கின்றன. ஆறு இதழ் வேண்டுமென்றால் இந்தப் பருவத்தில் வேலி முழுக்கப் பூக்கும் கார்த்திகைப் பூவுக்குச் சரியாக ஆறு இதழ். கிழங்கு தொடக்கம் பூ வரை நஞ்சு என்பதால் தூரத்தில் நின்றுதான் காட்ட வேண்டும். அதைப் பிள்ளைகளைக் கொண்டு வரைவதற்கு எங்கள் ஊரில் வேறு யோசனைகளும் தேவைப்படுகின்றன என்பது உங்களுக்கே தெரியும். அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

வெண்பனிதான் வேண்டும் என்றால் அதற்கும் இங்கே சாட்சிகள் உண்டு. வடக்கே குளிர் இறுகும்போது கடல் தாண்டி வரும் பறவைகள் இந்த மாதங்களில்தான் எங்கள் குளங்களிலும் களப்புகளிலும் இறங்குகின்றன. 2015இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட சுண்டிக்குளம் எங்களுக்குத் தொலைவில் இல்லை. மன்னார்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வங்காலையில் பூநாரைகள் நிற்கும். 'இந்தப் பறவைக்கு அங்கே கூதல் தாங்க முடியவில்லை, அதனால் எங்களிடம் வந்திருக்கிறது' என்று சொன்னால் ஒரு பிள்ளைக்கு உலகப்படமே விரியும். அட்டைப் பென்குவினால் அது முடியாது.

இன்னொன்று. உங்கள் கையேட்டின் பாதுகாப்புப் பக்கத்தில் கையுறை அணிவது பற்றியும் வழுக்கும் பனியில் நடப்பது பற்றியும் இருந்தது. கண்ணிவெடி அகற்றும் பணி இன்னும் முடியாத மாவட்டம் இது. மாரி வெள்ளம் மண்ணைக் கழுவும்போது புதைந்தது மேலே வரும். மின்னுகிற இரும்பைத் தொடாதே, வந்த காலடியிலேயே திரும்பி வந்து பெரியவர்களிடம் சொல் என்பதுதான் எங்கள் பிள்ளைகளுக்கு மாரிகாலத்து முதற் பாடம். அடுத்தது பாம்பு. அதற்கடுத்தது சிரட்டையிலும் ரயரிலும் தேங்கும் தண்ணீர், டெங்கு. இவற்றில் ஒன்றுக்குக்கூட அந்தக் கையேட்டில் ஒரு வரி இல்லை.

இந்தப் பொதியை முதலில் யார் எழுதியிருப்பார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். வெண்பனி கொட்டும் ஏதோ ஓர் ஊரில் ஒரு முன்பள்ளி ஆசிரியை சன்னல் வழியாக வெளியே பார்த்திருக்கிறார். பிள்ளைகள் வரும் வழியில் தொட்டதையே வகுப்புக்குள் கொண்டுவந்திருக்கிறார். கெட்டிக்காரி. 1840இல் தன் சிறுவர் பள்ளிக்குச் 'சிறுவர் தோட்டம்' என்று பொருள்படும் கிண்டர்கார்டன் என்ற பெயரை வைத்த ஜெர்மனியரான ஃப்ரோபல், பிள்ளைகள் தாமே பயிரிடப் பாத்திகளும் கொடுத்தவர். அந்த ஆசிரியை அவர் வழியில்தான் நடந்திருக்கிறார். அவர் சன்னலால் பார்த்ததை நீங்கள் எங்களுக்கு அனுப்பினீர்கள். எங்கள் அரைச்சுவருக்கு வெளியே பார்க்க மட்டும் அனுமதி இல்லை.

மாரி வந்தால் எங்கள் பக்கம் உங்களுக்கு நினைவுக்கு வருவது பள்ளியைப் பூட்டுவதற்குத்தான். தாழ்வாரத் தண்ணீர் உள்ளே தெறிப்பதை நிறுத்த ஒரு பீலி கேட்டு மூன்று முறை எழுதினேன், பதில் இல்லை. பிள்ளைகளுக்கு மழை அங்கி கேட்டபோது நிதி இல்லை என்றார்கள். அதே ஆண்டில் பஞ்சு வந்தது.

ஆகவே நான் கேட்பவை இவை. குளிர்கால வாரத்தைக் கட்டாயம் என்ற நிலையிலிருந்து எடுத்துவிடுங்கள். அதைச் செய்யாததற்காக எந்த முன்பள்ளிக்கும் புள்ளி குறைக்கமாட்டோம் என்று எழுத்தில் தாருங்கள். விரும்பி நடத்துகிறவர்கள் நடத்தட்டும், ஐஸ் செயற்பாட்டை நானே மீண்டும் செய்வேன். உணவுப் பொருளை அளைந்து எறியும் செயற்பாடு எதையும் இனி எந்தக் கையேட்டிலும் சேர்க்காதீர்கள்.

அதற்குப் பதிலாக ஒரு மாரிகாலச் செயற்பாட்டு நூல் வேண்டும். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் என்று நாலு பக்கத்திலிருந்தும் ஆசிரியைகளை இரண்டு நாள் ஒன்றாக இருத்துங்கள். கடற்கரைப் பிள்ளையின் மாரி வேறு, வயற்கரைப் பிள்ளையின் மாரி வேறு. இரண்டும் அதில் இருக்க வேண்டும். போக்குவரத்துச் செலவும் மதியச் சாப்பாடும் தந்தால் போதும், நூலை நாங்கள் எழுதித் தருவோம். அடுத்த காலபோக விதைப்புக்கு முன், புரட்டாதி முடிவதற்குள், அது கையில் இருக்க வேண்டும்.

ஒவ்வோர் ஆண்டும் மழை தொடங்குவதற்கு முன், வெடிபொருள் அபாயம் பற்றிச் சிறு பிள்ளைகளுக்குச் சொல்லப் பயிற்சி பெற்ற ஒருவரை ஒவ்வொரு முன்பள்ளிக்கும் ஒரு நாளாவது அனுப்புங்கள். வெள்ளம் வரும் நாளில் பள்ளியை மூடுவதா என்று யார் முடிவெடுப்பது, எத்தனை மணிக்குள் எங்களுக்குச் சொல்வது என்பதையும் எழுதித் தாருங்கள். போன மாரியில் மூன்று நாட்கள் பிள்ளைகள் நனைந்துகொண்டு வந்த பிறகுதான் விடுமுறை என்ற செய்தி வந்தது.

கடைசியாக, இந்த ஆண்டுப் பொதிக்கு ஒதுக்கிய பணம் இன்னும் செலவாகாமல் இருந்தால் அதை மழை அங்கிக்கும் இறப்பர் பூட்ஸுக்கும் மாற்றுங்கள். போன ஆண்டில் மிஞ்சிய பஞ்சு இரண்டு பை ஈரம் படாமல் என்னிடம் இருக்கிறது. அதை ஏற்றிப்போக வாகனம் அனுப்பும்போது பூட்ஸை அதிலேயே போட்டு அனுப்பலாம். 23 பிள்ளைகளின் கால் அளவுகளையும் இத்துடன் இணைத்திருக்கிறேன். வளரும் கால்கள் என்பதால் ஒவ்வொன்றிலும் ஓர் இலக்கம் கூட்டி வாங்குங்கள்.

இரணைமடுவின் கீழுள்ள ஒரு முன்பள்ளி ஆசிரியை